தவமணி நேர்ந்துகொண்ட சட்டி

பொழிலனுக்குப் பயமாக இருந்தது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவர் அதைத் தனக்குத்தானே ஒத்துக்கொள்ளாமல் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பாதிக் கடைவீதி வரைக்கும் நடந்து வந்துவிட்டார். இரண்டு உள்ளங்கையிலும் நெருப்புச் சட்டி, உடம்பில் கருப்புச் சட்டை, முன்னால் கொடி, பின்னால் முப்பது நாற்பது தோழர்கள், பக்கத்தில் மைக்கோடு வளவன். வளவன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அந்தத் தொண்டைக்கு மைக்கே வேண்டாம். ஊரில் மாரியம்மன் திருவிழா முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை வருஷா வருஷம் இந்த ஊர்வலம் உண்டு. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு எடுக்கிறார்களே, அதே தீச்சட்டியை, வேப்பிலை இல்லாமல், மஞ்சள் துணி இல்லாமல், விரதம் கிரதம் எதுவும் இல்லாமல், காலையில் கறிக்குழம்பு ஊற்றி ஒரு பிடி பிடித்துவிட்டு, கடவுள் இல்லை என்கிற ஆள் ஒருவர் எடுத்துக்கொண்டு நடந்து காட்டுவார். கை வேகாது. மண்சட்டி, அடியில் மூன்று விரல் கனத்துக்குச் சாம்பல், கட்டை எரிவது அதற்கு மேலே, சூடு கீழே இறங்க நேரம் பிடிக்கும், அவ்வளவுதானய்யா, இதில் ஆத்தாவும் இல்லை அருளும் இல்லை என்று முக்குக்கு முக்கு நின்று விளக்கம் வேறு. அந்த ஒருவர் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பொழிலன்தான். ஒரு வருஷமாவது கையில் ஒரு கொப்புளம் வந்தது கிடையாது. இந்த வருஷம் பஸ் ஸ்டாண்டில் சட்டியை வாங்கியதிலிருந்தே கை சுட்டுக்கொண்டிருந்தது.

சுடும்தான், நெருப்பு என்ன குளிருமா என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டிக்கொண்டார். சாம்பல் போடுவது எப்போதும் அவர் வேலை. இந்த வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஓடிவந்ததில் வளவன் போட்டு வைத்திருந்தார். "தோழர், சாம்பல் சரியாப் போட்டீங்கல்ல?" என்று கோஷத்துக்கு நடுவில் குனிந்து கேட்டார். "என்ன இப்படிக் கேட்டுட்டீங்க, வழக்கத்துக்கு மேல ரெண்டு கை சேர்த்தே போட்டிருக்கேன்" என்றார் வளவன். இதைக் கேட்டால் நிம்மதி வரவேண்டும். எங்கே வந்தது! சாம்பல் குறைச்சல் என்றால் சூட்டுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும், அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு கோயில் முக்கு வரை நடந்துவிடலாம். சாம்பல் அதிகம், அப்படியும் சுடுகிறது என்றால் பிறகு என்ன? ஒன்றுமில்லை, ராத்திரித் தூக்கம் இல்லை, நேற்று மத்தியானத்திலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை, உடம்பு தளர்ந்தால் தோல் சூட்டைத் தாங்காது, இதுதான் காரணம். வயிற்றில் ஒன்றுமில்லை என்று நினைத்த இடத்தில் மனசு தடுக்கி நின்றது. அட, அப்படியென்றால் விரதம் இருந்து சட்டி எடுத்திருக்கிறோமா? சீச்சீ, அது விரதமா, ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லி தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் சாப்பிடாதவன் சாப்பிடாதவன்தானே, ஏன் சாப்பிடவில்லை என்று யார் உட்கார்ந்து விசாரிக்கப் போகிறார்கள். யாருமில்லை. விசாரிக்க அங்கே யாருமில்லை என்பதைத்தானே இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறோம். "சட்டியில நெருப்பு எரியுது!" என்று எடுத்துக்கொடுத்து, மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினார் வளவன். முதல் பாதியைச் சட்டி எடுப்பவர் சொல்லவேண்டும், "சாமி எங்க தெரியுது?" என்று மறு பாதியைக் கூட்டம் சொல்லும், அதுதான் வழக்கம். பொழிலன் சொன்னார். கூட்டம் பதில் சொன்னது. பஸ் ஸ்டாண்டிலேயே அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார், இப்போது அதை இன்னொரு தரம் சரிபார்த்துக்கொண்டார். என் வாய் சொல்வது முதல் பாதி மட்டும்தான். சட்டியில் நெருப்பு எரிகிறது. அது உண்மை, பார்த்தாலே தெரிகிறது, அதில் யாருக்கும் குற்றமில்லை. மறு பாதியை நான் சொல்லவில்லை, அவர்கள் சொல்கிறார்கள். வக்கீல் கெட்டான் போ! இந்தக் கணக்கை யாருக்குக் காட்டுவதற்காகப் போடுகிறோம்?

எல்லாம் மனைவி தவமணி செய்த வேலை. மகள் இளவேனில் ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரே மகள். உடம்பு முழுக்க அம்மை வார்த்து, அது நுரையீரலில் இறங்கி, இப்போது ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மூடியோடு கிடக்கிறாள். மாப்பிள்ளை குவைத்திலிருந்து கிளம்பிவிட்டார், இன்னும் வந்து சேரவில்லை. முதல் கொப்புளம் கண்ட அன்றே வேப்பிலை கொண்டுவந்து வாசல் நிலையில் செருகப்போன தவமணியைப் பிடித்துத் தள்ளாத குறையாக ஒதுக்கிவிட்டு ஆட்டோவில் ஏற்றியவர் பொழிலன்தான். ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள். காலையில் டாக்டரம்மா வெளியே வந்து, "சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் சார். மூச்சு தானா ஏறலேன்னா தொண்டைக்குள்ள குழாய் போடணும். ரெண்டு உயிர், அதனால இப்பவே எதுவும் சொல்லமுடியல" என்றாள். அதற்குப் பிறகுதான் தவமணி மாடிப்படியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க ஊர்வலத்துக்குக் கிளம்புங்க" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வருஷா வருஷம் இந்தச் சட்டிக்காக மூன்று நாள் பேசாமல் இருப்பவள். "என்ன பேசுற நீ, புள்ள உள்ள கெடக்கா." "இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? உள்ள விடப்போறதில்ல. போய்ச் சட்டி எடுங்க. நேந்துக்கிட்டேன்." "என்னது?" "எம் புள்ள பொழச்சா எம் புருஷன் உனக்குத் தீச்சட்டி எடுப்பாருன்னு ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன். நீங்க எப்படியும் தூக்கத்தான் போறீங்க. யாருக்குத் தூக்குறோம்னு நீங்க வாயத் தொறக்கவேணாம், அத நான் சொல்லிட்டேன்." கோபம்தான் வந்திருக்கவேண்டும். அவர் வாயில் வந்தது வேறு. "பொழச்சப்புறம்தானே எடுக்கணும்?" என்று கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தவமணி அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவே இல்லை. "முன்னாடியே எடுத்துட்டா அவளால தட்டிக் கழிக்க முடியாதுல்ல" என்றாள். அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டுக் கிளம்பினார். எதற்காகக் கிளம்பினோம் என்பதுதான் இப்போது விளங்கமாட்டேன் என்கிறது. இயக்கத்துக்காகவா? போஸ்டரில் பேர் போட்டுவிட்டார்களே என்றா? இல்லை, போகாமல் இருந்து இளவேனிலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காலம் பூராவும் தவமணி ஒரு பார்வை பார்ப்பாளே, அதற்கா? தவமணியின் பார்வைக்குத்தான் பயம், வேறு யார் பார்வைக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டார். அது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது.

கடைவீதி முக்கில் ஊர்வலம் நின்றது. சாம்பல் விளக்கத்தை வளவனே சொன்னார், பொழிலன் சட்டியை மட்டும் தூக்கிக் காட்டினார். முன்பெல்லாம் இந்த முக்கில் கல் விழும். ஒரு தடவை செருப்பு வந்து அவர் தோளில் பட்டது, அப்போதும் சட்டி அசையவில்லை, மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போனார். கல் எறிந்த காலத்தில் பயமே இருந்ததில்லை, அதுதான் வேடிக்கை. கல் எறிகிறவனுக்கு இவர் சொல்வது உறைக்கிறது என்றாவது அர்த்தம். இப்போது யாருக்கும் உறைப்பதாகத் தெரியவில்லை. செல்போன் கடைப் பையன்கள் சிரித்துக்கொண்டே படம் எடுக்கிறார்கள். ஒருவன், "என்னண்ணே, ஏதாச்சும் விளம்பரமா?" என்று கேட்டான். போன வாரம் இதே பையன்கள்தான் திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் ஆடியிருப்பார்கள், அதையும் படம் எடுத்திருப்பார்கள். சாமி உண்டு என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, சட்டி பார்க்க அழகாக இருந்தால் போதும். ஊரே இப்படி லேசாக மறந்துகொண்டு போகிறபோது, நாற்பது வருஷமாக ஒரு நாள் விடாமல் அந்த ஆத்தாவையே நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தானா? இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று திடுக்கிட்டுப் பார்த்தபோது காலில் ஜில்லென்றது. வளையல் கடைக்குள்ளிருந்து ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்து அவர் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மா, அம்மா, இது கோயில் சட்டி இல்லம்மா!" என்று தோழர்கள் கத்தினார்கள். "இருக்கட்டுமே, நெருப்புதானே" என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குள் போய்விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், பொழிலனும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார். ஈரக்கால் தார்ரோட்டில் பட்டுக் காய்ந்தது.

செல்லம்மாவுக்கும் இப்படித்தான் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றினார்கள், ஊற்றினார்கள், வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், ஒரு வைத்தியரைக்கூட வீட்டு வாசலை மிதிக்கவிடவில்லை. செல்லம்மா அவருக்கு அக்கா. ஒரே பாயில் இரண்டு பேருக்கும் பெரியம்மை, அவள் ஒரு ஓரம், இவர் ஒரு ஓரம். விடிந்து பார்த்தால் அவள் ஓரம் காலி. அம்மை கண்ட வீட்டில் அழக்கூடாது, அழுதால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த முகம் அவருக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது, அக்கா முகம்கூட மறந்துவிட்டது. பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா சொல்வாள், "ஆத்தா ரெண்டைக் கேட்டா, ஒண்ணை எடுத்துக்கிட்டு ஒண்ணைக் குடுத்துட்டா." கொடுத்த ஒன்றுக்கு இருந்த பேரை எடுத்துவிட்டு மாரியப்பன் என்று பேர் வைத்தாள். முகத்தில் தழும்பு மிச்சம், பேர் மிச்சம். இருபது வயதில் பேரை மாற்றிப் பொழிலன் ஆனார், தழும்பை என்ன செய்வது. ஒண்ணை எடுத்துக்கிட்டு ஒண்ணைக் குடுத்துட்டா. இது என்ன நியாயம், இது என்ன வியாபாரம் என்று அன்று வந்த ஆத்திரம்தான் அவரைக் கருப்புச் சட்டையில் கொண்டுவந்து விட்டது, புத்தகமெல்லாம் பிறகுதான். இல்லாத ஒருத்தி மேல் எப்படிய்யா இத்தனை ஆத்திரம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. ரெண்டு உயிர் என்றாளே டாக்டரம்மா. ஐயோ, ரெண்டு உயிர். ஒண்ணை எடுத்துக்கிட்டு ஒண்ணை. இளவேனிலா, வயிற்றில் இருப்பதா? வேண்டாம், இதை நினைக்காதே, நினைத்தால் நடந்துவிடும். நினைத்தால் நடந்துவிடுமா? எவன் சொன்னான்? அது வியாதி, வைரஸ், அதற்குக் காது கிடையாது, கணக்குக் கிடையாது. காது கிடையாதுதான், ஆனாலும் நினைக்காதே. சட்டியிலிருந்து ஒரு பொறி எகிறி மணிக்கட்டில் விழுந்தது, அவர் கையை அசைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நெஞ்சோடு ஒட்டி அதிர்ந்தது, நெஞ்சுதான் துடிக்கிறதோ என்று நினைத்தார், பிறகு போன் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரி. இல்லையென்றால் தவமணி. இரண்டு கையிலும் சட்டி. இதைத் தூக்கிக்கொண்டு போனை எடுக்க முடியாது, நடு ரோட்டில் இறக்கவும் முடியாது. "வளவன், பையில போன் அடிக்குது, எடுங்க" என்று சொன்னால் போதும், அவர் எடுத்துக் காதில் வைத்துவிடுவார். சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அதே பையில் ஒரு வேப்பங்கொத்து இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் கண்ணயர்ந்தபோது தவமணி செருகி வைத்திருக்கிறாள். ஆட்டோவில் வரும்போதுதான் விரலில் பட்டது. எடுத்து வெளியே எறிவதற்குக் கையை நீட்டினார், கை எறியவில்லை, திரும்பப் பைக்குள்ளேயே வைத்துவிட்டது. போனை எடுத்தால் கொத்தும் கூடவே வரும். சட்டி எடுக்கிற தோழர் பொழிலன் சட்டைப்பையில் வேப்பிலை! இருபது வருஷம் ஒரு நிமிஷத்தில் போய்விடும். போன் நின்றது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார், மறுபடி அடிக்க ஆரம்பித்தது. மகள் பிழைத்தாளா செத்தாளா என்று யாரோ சொல்லக் கூப்பிடுகிறார்கள், நீ வேப்பிலைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறாயே, நீயெல்லாம் ஒரு அப்பனா? மறுபடி நின்றது. இனி அடித்தால் சொல்லிவிடுவது, என்ன ஆனாலும் சரி என்று முடிவு செய்தார். அதற்குப் பிறகு அடிக்கவில்லை. அடிக்காததுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

இளவேனிலுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, சாமி பூதம் எதுவும் கிடையாது, எல்லாம் மனுஷன் கட்டிவிட்ட கதை என்று மடியில் உட்கார்த்தி வைத்துச் சொன்னார். சமர்த்தாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்போ பயமா இருந்தா யாரக் கூப்பிடுறதுப்பா?" என்றாள். எத்தனை மேடையில் எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னவர், அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "என்னைக் கூப்பிடும்மா" என்றார். அவளும் கூப்பிட்டாள். இடி இடித்தால் கூப்பிட்டாள், பரீட்சைக்குக் கூப்பிட்டாள், கல்யாணத்துக்கு முந்தின நாள் கூப்பிட்டாள். வளர்ந்த பிறகு அவளுக்கு இதில் சண்டையே கிடையாது. தோழி கொடுத்தால் திருநீறு பூசுவாள், அவர் பார்த்தால் சிரித்துக்கொண்டே அழித்துவிடுவாள். ஆனால் பயம் வந்தால் அப்பாதான். நேற்று கண்ணாடிக்கு வெளியே அவர் நின்றபோது, முகமெல்லாம் கொப்புளத்தோடு திரும்பிப் பார்த்தாள், மூடிக்குள் வாய் அசைந்தது. அப்பா என்றுதான். சத்தம் வரவில்லை. அவர் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார், வேறு என்ன செய்யத் தெரியும் அவருக்கு? சாமி இல்லை என்று காலியாக இருந்த இடத்தில் பெரிய மனுஷன் மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டாய், இப்போது கூப்பிடுகிறாளே, போய்க் காப்பாற்றேன் பார்ப்போம். தவமணிக்காவது போய் முறையிட ஓர் இடம் இருக்கிறது, கோபித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறது. எனக்கு யார் இருக்கிறார்கள்? பயமா இருந்தா நான் யாரக் கூப்பிடுறது? கண் எரிந்தது. புகை என்று வளவன் நினைத்துக்கொண்டு துண்டால் துடைத்துவிட்டார்.

கோயில் முக்கு வந்துவிட்டது. இங்கேதான் வழக்கம் மாறும். கோபுரத்துக்கு நேர் எதிரில் போலீஸ் கயிறு கட்டியிருக்கும், கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும், சட்டி எடுத்தவர் மட்டும் தனியாக இரண்டு பாதியையும் சொல்லவேண்டும். வக்கீல் கணக்கெல்லாம் இந்த இடத்தில் செல்லாது. வளவன் மைக்கை நீட்டினார். பொழிலன் கோயிலைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தார், கயிற்றுக்கு அப்பால் பூக்கடையைப் பார்த்தார். பூக்கடை ஓரத்தில் இடுப்பில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு தவமணி நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான். ஆனால் சாயங்காலம் வரை கண்ணாடிக் கதவைவிட்டு நகரமாட்டேன் என்றவள். போன் எடுக்கவில்லை என்று நேரில் சொல்ல வந்திருக்கிறாள். என்ன சொல்ல? முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை. கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை, உதடு இறுகி, சுவரைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முகம். அப்படியே அம்மா முகம். அம்மை கண்ட வீட்டில் அழக்கூடாது. போய்விட்டாள் என்று பொழிலன் நினைத்தார். போய்விட்டாள், எம் புள்ள போயிட்டா, கண்ணாடிக்கு வெளியேகூட நான் இல்லை, இங்கே சட்டி தூக்கிக்கொண்டு நிற்கிறேன். "தோழர், சொல்லுங்க" என்றார் வளவன். பொழிலன் தலையை நிமிர்த்திக் கோபுரத்தைப் பார்த்து, "சட்டியில நெருப்பு எரியுது!" என்றார். "சாமி எங்க?" என்றார். மேலே வரவில்லை. "எங்க இருக்க? எங்கடி இருக்க நீ?" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். மைக் கீச்சென்றது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை, தோழர்கள் கை தட்டினார்கள். அது கோஷம் இல்லை என்று தவமணி ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

அவள் கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்தாள். போலீஸ்காரர் தடுக்கவில்லை. வந்து குடத்தைச் சாய்த்து அவர் காலில் ஊற்றினாள், தோழர்கள் கை தட்டுவதை நிறுத்தினார்கள். "போன எடுக்கமாட்டீங்களா? எத்தன தரம் அடிக்கிறது?" என்றாள். "சொல்லு" என்றார் அவர். "குழாய் வேணாமாம். மூச்சு தானா ஏறுதாம். மூடிய எடுத்துட்டுச் சின்னக் குழாய் மூக்குல வச்சிருக்காங்க. வயித்துல இருக்கறதும் நல்லா உதைக்குதாம்." "ரெண்டுமா?" "ரெண்டும். கண்ணத் தொறந்து அப்பா எங்கன்னு கேட்டா." இவ்வளவும் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, அதையும் முந்தானையால் வாயில் அமுக்கிக்கொண்டாள். பொழிலனுக்குச் சந்தோஷம்தான். ஊசிதான் காப்பாற்றியது, டாக்டரம்மாதான், அவள் காலில் வேண்டுமானால் விழலாம். ஆனால் சந்தோஷத்தின் பின்னாலேயே பயம் வந்து நின்றது, காலையில் இருந்ததைவிடப் பெரிய பயம். இளவேனிலுக்கு மூச்சு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே என்ன கேட்டேன்? யாரைக் கேட்டேன்? இன்னும் சாயங்காலம் முடியவில்லையே. "நான் கத்துனது" என்று இழுத்தார். "கேட்டுச்சு. ஆத்தாவுக்கும் கேட்டிருக்கும்" என்றாள் தவமணி. "விடுங்க. மகளப் பெத்தவன் கத்தத்தான் செய்வான்." வளவன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். மேடை போட்டிருந்த பக்கம் கைகாட்டி, "தோழர், அங்க வாங்க, சட்டிய இறக்கித் தண்ணி ஊத்தி முடிச்சிரலாம்" என்றார். "கோயில் வாசல்ல இறக்குனாத்தான் நேர்ச்ச சேரும்" என்றாள் தவமணி, தரையைப் பார்த்துக்கொண்டு. இரண்டும் பத்தடி தூரம்தான், இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி. பொழிலன் நகரவில்லை. மேடைப் பக்கம் இறக்கினால் இவள் கொடுத்த வாக்குப் போய்விடும், அதைச் சாக்காக வைத்து ஏதாவது ஆகிவிட்டால்? கோயில் பக்கம் இறக்கினால் அக்காவைக் கொடுத்தவன், நாற்பது வருஷம் கத்தியவன், கடைசியில் பயத்துக்கு நெருப்பைக் கொண்டுவந்து ஆத்தா வாசலில் வைத்தான் என்று ஆகும். கை நன்றாகவே வெந்துகொண்டிருந்தது, தோல் வழுக்குவது தெரிந்தது. "இறக்குங்க, கை போயிரும்" என்று தவமணி அவர் முழங்கையைப் பிடித்தாள். இடி இடித்தால் இளவேனில் பார்ப்பாளே, அப்படி அவள் முகத்தைப் பார்த்தார் பொழிலன்.

"தவமணி, இத எங்க இறக்குறது? எனக்குப் பயமா இருக்கு" என்றார்.